யாழ்ப்பாண பஸ்ஸும் சலப்பையும்

வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போகிற பெண்களிடம் ஓர் எழுதாத சட்டம் இருக்கிறது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் கிடையாது. பிளேன்டீயும் கிடையாது. இரவுக்கு இடியப்பம் என்றால் சொதியைத் தொடாமல் சம்பலோடு இறக்கிவிடுவார்கள். வெளிக்கிட முதல் ஒருதரம் மலசலகூடத்துக்குப் போய், செருப்பைப் போட்ட பிறகு "எதுக்கும் இன்னொருக்காப் போட்டு வாறன்" என்று திரும்பி ஓடுவார்கள். நானூறு கிலோமீற்றர் அளவு தூரம், எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாத பயணம். நடுவில் புத்தளம் பக்கம் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையில் பஸ் நிற்கும். ஆண்கள் இறங்கி இருட்டில் ஒதுங்கிவிட்டு வந்து தேத்தண்ணியும் குடித்து முடிக்கிற நேரத்துக்கு, பெண்கள் அங்கே இருக்கிற ஒரே கதவுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இராது. ஒருத்தி உள்ளே போக, இன்னொருத்தி அவளின் கைப்பையையும் கதவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் இவ்வளவு சீக்கிரம் நெருக்கமாகிற இடம் இந்த நாட்டில் வேறு இருக்கிறதா தெரியாது.

அதே பஸ் அநுராதபுரம் தாண்டி மதவாச்சியால் போகும். அந்தப் பகுதிக் கமக்காரர்களை 1990களிலிருந்து, காரணம் சரியாகப் பிடிபடாத ஒரு சிறுநீரக நோய் வாட்டுகிறது. சிறுநீரக நோய்க்கென்றே சீன உதவியோடு பொலன்னறுவையில் ஒரு பெரிய வைத்தியசாலையை 2021இல் திறந்தார்கள். அதனால் 'கிட்னி' என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம், பயத்தோடு சேர்ந்த மரியாதை. உப்பைக் குறை, தண்ணியைக் குடி, கிட்னி போயிடும் என்று சொல்லாத வீடில்லை. சலப்பைக்கு, அதாவது சிறுநீர்ப்பைக்கு, அந்த மரியாதை கிடைக்கவேயில்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். சிறுநீரகங்கள் இரண்டையும் நிழல் தட்டி அழகாக வரைவோம். சிறுநீர்க்கான்கள் இரண்டையும் கை நடுங்காமல் இழுப்போம். மணி அடிக்கப் போகிற நேரத்தில் கீழே ஒரு வட்டத்தைப் போட்டு 'சிறுநீர்ப்பை' என்று பெயர் குறித்துவிட்டுக் கொப்பியை மூடுவோம். அதற்கும் புள்ளி கிடைக்கும்.

அந்த வட்டத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அடிவயிற்றில் கையை வைத்துக் கீழே இறக்கினால் ஓர் எலும்பு தட்டுப்படும். வெறுமையான சலப்பை அந்த எலும்புக்குப் பின்னால் முழுவதுமாக ஒளிந்து கிடக்கும். அப்போது அது வட்டமாகவும் இராது. மேலிருந்து அமத்தி விட்டது போல், மூலைகள் தெரியச் சுருங்கிப் போயிருக்கும். நிறையும்போதுதான் உருண்டு திரண்டு எலும்புக்கு மேலால் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கும். பெண்களுக்கு அதன் பின்னாலும் மேலாலும் கருப்பை சாய்ந்திருக்கிறது. கர்ப்பிணிகள் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் எழும்பி ஓடுவது அதனால்தான். கடைசி மாதங்களில் பிள்ளையின் தலையே அதன்மேல் வந்து குந்திவிடும். ஆண்களுக்குக் கீழே புரொஸ்டேட் சுரப்பி இருக்கிறது, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். பச்சைக் குழந்தையின் இடுப்புக்கூடு சின்னது என்பதால் அதற்குச் சலப்பை வயிற்றுக்குள்ளேயே இருக்கும். பிள்ளை வளர வளரத்தான் அது கீழே இறங்கித் தன் இடத்துக்கு வரும்.

சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு 180 லீற்றர் அளவு வடிக்கின்றன. அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் கீழே அனுப்புகின்றன. அது சும்மா வழிந்து வருவதில்லை. சிறுநீர்க்கான் 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ள ஒரு தசைக்குழாய். நிமிடத்துக்கு ஒன்று முதல் ஐந்து தடவை சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் சிரசாசனத்தில் நின்றாலும் சலம் சலப்பைக்குத்தான் போகும். அது பைக்குள் நுழைகிற விதம்தான் எனக்குப் பிடித்த கெட்டித்தனம். சுவரை நேரே துளைக்காமல் சாய்வாக இறங்கி, சுவருக்குள்ளேயே கொஞ்சத் தூரம் ஓடி, பிறகுதான் வாய் திறக்கும். பை நிறைந்து சுவர் இறுகும்போது அந்தச் சாய்வான பகுதி தானாக நசிந்து மூடிக்கொள்ளும். தனியாக ஒரு வால்வு வைக்காமலே திரும்பிப் போகிற வழியை அடைத்தாயிற்று. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இந்தச் சாய்வு போதாமல் சலம் மேலே திரும்பி ஏறும். காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சல் வருகிற குழந்தைக்குச் சலத்தைச் சோதிக்கச் சொல்வது இதையும் மனதில் வைத்துத்தான்.

சரி, உள்ளே வந்தாயிற்று. இனித்தான் சலப்பையின் வித்தை.

எந்தப் பையையும் நிரப்ப நிரப்ப உள்ளே அழுத்தம் ஏறும். இதில் ஏறாது, அல்லது பெயருக்கு ஏறும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் கொண்டக்டரை நினைத்துப் பாருங்கள். பம்பலப்பிட்டியில் பஸ் நிறைந்துவிட்டது என்று நாங்கள் நினைப்போம். அவர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு "இஸ்ஸரஹாட்ட யன்ட", முன்னுக்குப் போங்கோ, என்று சொல்லிச் சொல்லியே கொள்ளுப்பிட்டி வரைக்கும் ஆள் ஏற்றுவார். சலப்பைச் சுவரில் இருக்கிற டிட்ரூசர் என்ற தசை அந்த வேலையைத்தான் செய்கிறது. சலம் வர வரத் தளர்ந்து கொடுக்கும். இருக்கிறவர்களை நெரிக்காமல் வருகிறவர்களுக்கு இடம் பண்ணும்.

தசைக்கு உள்ளே படிந்திருக்கிற தோலும் சாதாரணமானதல்ல. வெறும் பையில் அது மடிப்பு மடிப்பாக, பல அடுக்காகக் கிடக்கும். நிறைந்த பையில் மடிப்பெல்லாம் விரிந்து, அடுக்குகள் இரண்டு மூன்றாகத் தட்டையாகிவிடும். ஆக மேலே இருக்கிற கலங்களுக்குக் குடைக் கலங்கள் என்று பெயர். அவை தங்களுக்குள்ளேயே மேலதிகச் சவ்வைச் சுருட்டி வைத்திருக்கின்றன. இழுபடும்போது அதை எடுத்து வெளியே விரித்து அகலமாகிக்கொள்ளும், பை சுருங்கினால் திரும்பவும் உள்ளே சுருட்டி வைக்கும். அந்தச் சவ்வின் மேல் யூரோபிளாக்கின் என்ற புரதம் தகடு தகடாகப் பதிந்திருக்கிறது. மணித்தியாலக் கணக்கில் யூரியாவையும் உப்பையும் வைத்துக்கொண்டிருக்கிற பையிலிருந்து அவை திரும்பவும் இரத்தத்துக்குள் ஊறாமல் இருப்பது இந்த அடுக்கின் தயவால். உடம்பிலேயே கடினமான காவல் வேலைகளில் ஒன்று இது.

150 மில்லிலீற்றர் அளவில் 'உள்ளே ஏதோ இருக்கிறது' என்று முதல் செய்தி மூளைக்குப் போகும். அதைப் பெரும்பாலும் நாங்கள் கவனிப்பதேயில்லை. வளர்ந்தவர்களுக்கு 400 முதல் 600 வரை கொள்ளும். ஆறு வயதுப் பிள்ளைக்கு 200 சொச்சம்தான். இதை அறிந்தால், பள்ளிக்கூட மலசலகூடத்துக்குப் பயந்து காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை அடக்கிக்கொண்டு, வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றாமலே ஓடுகிற சின்னப் பிள்ளைகளை அதட்ட மனம் வராது.

அம்மாவுக்கு அடிக்கடி சலக்கடுப்பு வந்தபோது ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கொழும்பில் இந்த ஸ்கேன் அறைகளின் வெளி விறாந்தை ஒரு தனி உலகம். "ஒரு போத்தல் தண்ணி குடிச்சிட்டு இருங்கோ, நல்லா முட்டின பிறகு சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். முட்டும். சொல்வோம். "டொக்டர் வந்துகொண்டிருக்கிறார்" என்பார்கள். பொரளைச் சந்தியில் டொக்டரின் கார் நிற்க, இங்கே வரிசையாகக் கதிரைகளில் ஆட்கள் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருந்த முஸ்லிம் அம்மா ஒருவர் அம்மாவிடம், "தங்கச்சி, என்னெச் சிரிக்க வெச்சிராதீங்க" என்றார். அதைக் கேட்டு இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது, பெரிய ஆபத்து. சிரித்தால், தும்மினால், இருமினால் வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென ஏறும். அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியது கீழே தொட்டில் போலக் கட்டியிருக்கிற இடுப்படித் தசைகள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு அவை இளகிப் போயிருக்கும். எத்தனை பேர் இதை வாய்விட்டுச் சொல்லாமல், தும்மல் வரும்போது காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.

நிறைந்த பை எதற்கு என்றால், ஒலி அலை நீருக்குள்ளால் நன்றாகப் போகும். பின்னால் இருக்கிறவற்றைப் பார்க்க அது ஒரு யன்னலாகிறது. திரையில் சலப்பை கன்னங்கரேலென்று ஒரு குளமாகத் தெரிந்தது. டொக்டர் ஓட்டத்தை நிறத்தில் காட்டுகிற டொப்ளரைப் போட்டார். குளத்தின் அடியில், ஒரு பக்கத்திலிருந்து சிவப்பாக ஒரு பீச்சல். கொஞ்சம் பொறுத்து மற்றப் பக்கத்திலிருந்து இன்னொன்று. சிறுநீர்க்கான்கள் மாறி மாறித் துப்புகின்றன. படத்தில் கோடாக வரைந்த சாமான் எங்கள் கண்ணுக்கு முன்னால் வேலை செய்துகொண்டிருந்தது. அம்மா தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்குள்ளையா இது?" என்றார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து பெருக்கி, அதை 0.52 ஆல் பெருக்கினால் கொள்ளளவு வரும். உருண்டைச் சாமானுக்கு உள்ள கணக்கு அது. அப்புறம் "போட்டு வாங்கோ" என்று அனுப்பிவிட்டு, வந்த பிறகு திரும்பவும் அளந்தார்கள். மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் முக்கியம். 50 மில்லிலீற்றருக்குள் என்றால் பயமில்லை. வயதானவர்களுக்கு அதற்கு மேல் கொஞ்சம் நின்றாலும் விட்டுவிடுவார்கள். தேங்கி நிற்கிற சலத்தில் கிருமி குடியேறுவது சுலபம்.

வெளியேறுகிற கட்டத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்து ஆட்கள் மிருகக்காட்சிச்சாலையில் நின்று மிருகங்கள் சலம் கழிக்கிற நேரத்தை அளந்தார்கள். 3 கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகளில், பருமன் எதுவானாலும், சராசரி 21 செக்கன் அளவு. 2014இல் வெளியான அந்த ஆய்வுக்கு அடுத்த வருடம், சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசும் கிடைத்தது. யானையின் பை 18 லீற்றர் கொள்ளும், அதை எப்படி அவ்வளவு சீக்கிரம் விடுகிறது என்றால், வெளிப்போகிற குழாய் ஒரு மீற்றர் அளவு நீளமும் நல்ல அகலமும். நீளம் கூடக் கூடப் புவியீர்ப்பு வேகத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் யானைக்கு முன்னால் கடிகாரத்தோடு நின்று பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த விஞ்ஞானம் இருக்கப் போவதில்லை.

மனிதரிடம் வந்தால், விடுகிற வேலையைவிட விடாமல் வைத்திருக்கிற வேலைதான் பெரிது. நாளில் 23 மணித்தியாலத்துக்கு மேல் சலப்பை செய்வது அதைத்தான். அதற்கு இரண்டு தரப்பு நரம்புகள் கயிறு இழுக்கின்றன. நடுமுதுகும் இடுப்பும் சந்திக்கிற பகுதியிலிருந்து வருகிற நரம்புகள் தசையைத் தளர்த்திப் பையின் கழுத்தை இறுக்கி வைத்திருக்கும். முள்ளந்தண்டின் அடியில், திருவெலும்புப் பகுதியிலிருந்து வருகிறவை தசையைச் சுருக்கி வெளியே தள்ளச் சொல்லும். இதற்கு மேல், எங்கள் இஷ்டப்படி இறுக்கவும் விடவும் கூடிய வெளி வளையத் தசை ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிப் போடுகிற ஆளி மூளைத்தண்டில் இருக்கிறது. 1925இல் பாரிங்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பூனைகளில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். ஆனால் அந்த ஆளிமேல் கை வைத்திருப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளை. இது இடமா, இது நேரமா, கதவு இருக்கிறதா, ஆட்கள் பார்க்கிறார்களா என்று கணக்குப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் கீழே எல்லாம் திறக்கும்.

குழந்தைக்கு இந்த மேலிடத்து அனுமதி இல்லை. நிறைந்தால் போகும், அவ்வளவுதான். இரண்டு வயதுக்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் மேலிடம் பொறுப்பெடுக்கும். எங்கள் அம்மம்மாமார் அதற்கு முன்னமே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளையைக் காலில் இருத்தி, முதுகைப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். கொஞ்ச நாளில் சத்தம் கேட்டாலே பிள்ளை போகும். மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறப் பழகிய பவ்லோவின் நாய்க்கு மணி, எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஸ்ஸ்ஸ். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் உடம்பை விட்டு முழுக்கப் போவதில்லை. பைப்பில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால் அந்தரம் வருவதும், வீட்டு வாசலில் திறப்பைப் பூட்டுக்குள் போட்டவுடன் அதுவரை அடங்கியிருந்தது அடங்க மறுப்பதும் இதே வகை. லிஃப்டில் எட்டாம் மாடிக்கு ஏறும் வரைக்கும் பொறுத்த ஆள், கதவுக்கு முன்னால் நின்று துள்ளுவார்.

அடக்கினால் பை வெடிக்குமா என்று கேட்பவர்கள் டைக்கோ பிராகேயின் கதையைச் சொல்வார்கள். தூரதரிசனக் கண்ணாடி வருவதற்கு முன்னமே வெறும் கண்ணால் வானத்தை அளந்தவர். 1601 ஒக்டோபரில் பிராக் நகரத்தில் ஒரு பிரபுவின் விருந்து. எழும்பிப் போவது மரியாதை இல்லையென்று அடக்கிக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்குப் போன பிறகு சலம் போகவில்லை. 11 நாளில் இறந்துபோனார். கூட வேலை செய்த கெப்ளர் இதை எழுதி வைத்திருக்கிறார். பாதரச நஞ்சு கொடுத்தார்கள் என்றும் ஒரு கதை இருந்தது. 2010இல் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்து, கொல்லுகிற அளவு பாதரசம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சுகமாக இருக்கிற சலப்பை அடக்குவதால் வெடிப்பதில்லை. அதற்கு முன்னமே மேலிடத்தை மீறித் தானாகப் போய்விடும். அவருக்கு ஏற்கெனவே ஏதாவது அடைப்பு இருந்திருக்கலாம். பம்பலப்பிட்டிக் கல்யாண மண்டபங்களில் கூறைச்சேலையோடு மணவறையில் இருத்தி வைக்கிற பொம்பிளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டைக்கோ ஞாபகம் வரும். ஐயர் மந்திரத்தைச் சுருக்குவதற்கு அது ஒரு நல்ல காரணம்.

வெடிக்காது என்பதால் நட்டமில்லை என்றில்லை. பெண்களின் சிறுநீர்வழி 4 சென்ரிமீற்றர் அளவுதான், ஆண்களுக்கு 20 வரை. குடலில் இருக்கிற ஈ.கோலை கிருமிக்கு அந்த 4 சென்ரிமீற்றர் ஒரு தூரமேயில்லை. அது ஏறி வந்தாலும், நேரத்துக்கு நேரம் சலம் போனால் அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீரும் குடிக்காமல், போகவும் போகாமல் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். அடிக்கடி சலக்கடுப்பு வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை வைத்து ஒரு வருடம் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. நாளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கூட்டிக் குடித்தவர்களுக்கு அந்த வருடத்தில் சராசரி 1.7 தடவை வந்தது. வழமைபோல் குடித்தவர்களுக்கு 3.2 தடவை. மருந்தில்லை, மாத்திரையில்லை, தண்ணீர் மட்டும்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொல்வது சுகம். புறக்கோட்டையில் துணிக்கடைகளில் காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிற பிள்ளைகளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். குடித்தால் போக வேண்டும், போக எங்கே போவது, போனால் யார் கவுண்டரைப் பார்ப்பது, முதலாளி மூஞ்சியை யார் பார்ப்பது. வீதியில் ஆண்களுக்கு மதில் இருக்கிறது. 'இங்கே சலம் கழிக்க வேண்டாம்' என்று எழுதினால்கூட அதற்குக் கீழேயே காரியம் முடியும். பெண்ணுக்கு ஒரு சுத்தமான கதவு வேண்டுமென்றால் பெரிய கடைத்தொகுதிக்குள் நுழைந்து, வாங்க வந்தவள் போல நடந்து, அம்புக்குறியைத் தேட வேண்டும். கொழும்பில் வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும், எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் நல்ல மலசலகூடம் இருக்கிறது என்று ஒரு வரைபடம் மனதில் வைத்திருப்பாள். மாநகரத்தை அழகுபடுத்துகிறோம் என்று கடற்கரையோரம் நடைபாதைக்கும் விளக்குக்கும் செலவழிக்கிறவர்கள் அந்த வரைபடத்தை ஒருதரம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

ஆண்களுக்கு மதில் இருந்தாலும் ஐம்பது தாண்டினால் அவர்களின் கணக்கு வேறு. சலப்பையின் கழுத்தைச் சுற்றி இருக்கிற புரொஸ்டேட் வயதோடு பெருத்து, குழாயை நெரிக்கத் தொடங்கும். சலப்பைத் தசை முதலில் விட்டுக்கொடுக்காது. தடித்துப் பலம் கூட்டித் தள்ளும். வெளியில் தெரிவதெல்லாம் நூலாக வருகிற சலமும், நின்று நின்று போவதும், இரவில் எழும்புவதும்தான். என் பெரியப்பா ஒருவர் அதை வருடக்கணக்கில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு மழைக்காலம், கடுமையான தடிமன், நித்திரை வருகிற தடிமன் குளிசை இரண்டைப் போட்டுக்கொண்டு படுத்தவர், நடுச்சாமத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சலம் அடைத்துப் போயிற்று. அந்தக் குளிசைகளில் சில சலப்பைத் தசையைச் சோம்பலாக்கும், மூக்கடைப்புக்குக் கொடுக்கிறவை சலப்பையின் கழுத்தை இறுக்கும். ஏற்கெனவே நெரிபட்ட குழாய்க்கு அது போதும். ஓட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் போட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் கத்தீட்டர் போட்டார். மெல்லிய இறப்பர்க் குழாய், நுனியில் சுருங்கிய பலூன். உள்ளே போன பிறகு பத்து மில்லிலீற்றர் அளவு தண்ணீரை ஏற்றிப் பலூனை உப்ப வைத்தால் வெளியே வழுகி வராது. ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர் 1930களில் செய்த யோசனை, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. வெளியே தொங்கிய பையில் சலம் இறங்க இறங்கப் பெரியப்பாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. ஒரு லீற்றருக்குக் கிட்ட வந்திருக்கும். முடிந்ததும் அந்த டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீர் நல்லா இருக்கவேணும்" என்றார். தன் சொந்தப் பிள்ளைகளுக்கு அவர் அப்படி ஓர் ஆசீர்வாதம் கொடுத்து நான் கேட்டதில்லை. பிறகு கிளினிக்குக்குக் காட்டி, புரொஸ்டேட் கழுத்தைத் தளர்த்துகிற குளிசையோடு இப்போது சுகமாக இருக்கிறார். பிள்ளைகளின் சிநேகிதர்களின் அப்பாமாருக்கெல்லாம் தானாகவே போன் எடுத்து "ஐசே, சலம் எப்பிடிப் போகுது?" என்று விசாரிக்கிற அளவுக்கு ஆளே மாறிவிட்டார்.

ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். வலியே இல்லாமல் சலத்தில் இரத்தம் போனால், ஒருதரம் போய்த் தானாக நின்றுவிட்டாலும், டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். சிகரெட் பிடிக்கிறவர்கள் இன்னும் கவனம். புகையிலையின் நச்சுகள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிந்து, சலப்பையில்தான் மணித்தியாலக் கணக்கில் தங்குகின்றன. சலப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் அதுதான்.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். சலக்கடுப்பு மருந்தோடும் தண்ணீரோடும் அடங்கிவிட்டது. ஆனால் இரவில் நாலைந்து தரம் எழும்புவது நிற்கவில்லை. "என்ரை சலப்பை சுருங்கிப் போச்சு" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். டொக்டர் அதை ஏற்கவில்லை. மூன்று நாளைக்கு எழுதி வரச் சொன்னார்: எத்தனை மணிக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு போகிறது. அளப்பதற்கு ஒரு பழைய பிளாஸ்டிக் ஜக்கில் நான் கோடு போட்டுக் கொடுத்தேன். அம்மா அதை மருமகள் கண்ணில் படாமல் குளியலறை யன்னலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் மளிகைக் கணக்குப் போல எழுதினார். 'காலை 6.10, ஒரு கோப்பை தேத்தண்ணி. 7.00, 250.'

அந்தத் தாளில் சலப்பையின் குற்றம் எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் 300, 350 என்று நல்ல அளவு போயிருக்கிறது. சுருங்கிய பை அவ்வளவு வைத்திருக்காது. ஆனால் நாள் முழுவதும் போனதில் பாதி, படுத்த பிறகு போயிருக்கிறது. வயதானவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனாலே கவனிக்க வேண்டும். இளம் வயதில் மூளையிலிருந்து சுரக்கிற ஒரு ஹோர்மோன் இரவில் கூடி, சிறுநீரகத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். வயதாக அது குறைகிறது. அதோடு அம்மா பகல் முழுக்கக் கதிரையில் காலைத் தொங்கப் போட்டு இருக்கிற ஆள். பின்னேரமானால் கணுக்கால் வீங்கும், விரலால் அமத்தினால் குழி விழும். காலில் தேங்கிய அந்த நீர், படுத்தவுடன் இரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகத்துக்குப் போய், விடிய விடியச் சலப்பைக்கு வந்துகொண்டிருக்கிறது. இதயத்தையும் பிரஷரையும் பார்த்துவிட்டு, சலத்தைக் கூட்டுகிற, காலையில் போட வேண்டிய தண்ணிக் குளிசையை அம்மா இரவில் போட்டுக்கொண்டிருந்ததையும் டொக்டர் கண்டுபிடித்து மாற்றினார்.

"பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்க வேணும், அம்மா. உயரமா வையுங்கோ."

"சீரியல் பாக்கலாமோ டொக்டர்?"

"தாராளமாப் பாருங்கோ."

அம்மாவுக்குச் சொன்ன மருந்துகளிலேயே அவர் ஒழுங்காகச் செய்வது இது ஒன்றைத்தான். இப்போது இரவில் எழும்புவது பாதியாகக் குறைந்திருக்கிறது. இரவு ஏழு மணிப் பிளேன்டீயை விட்டால் இன்னும் குறையும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் பேச்சை எடுத்தால் மற்றக் கதவைத் திறந்துகொண்டு பல்கனிக்குப் போய்விடுகிறார், கோப்பையோடு.